விளக்கக் கடிதத்தில் மிஞ்சிய எட்டுப் பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய விளக்கக் கடிதமாகப் பிறந்தது. "என்ன நடந்துச்சுன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க மேடம்" என்றார் அங்கே மனு வாங்கும் குணசேகரன். நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், மூன்றாவதில் சிரித்தார். "நல்லா இருக்கு மேடம். ஆனா இது கதை மாதிரி போகுது. எங்களுக்கு ஒரு பக்கம் போதும்" என்று எட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த எட்டுப் பக்கம்தான் இது. கொஞ்சம் திருத்தினேன், நிறைய அடித்தேன். அடித்ததில் சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். தப்பு எங்கே நடந்தது என்று தேடுகிறவளுக்கு அடித்த வரிகளும் வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஞானகுமாரி. வயது நாற்பத்தேழு. முகப்பேரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். காலை ஆறு மணி ஷிப்ட். மத்தியானம் இரண்டுக்கு முடியும். முடிந்ததும் காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் படம் எடுக்கப் போவேன். ஏன் போகிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாள் முழுக்க மனிதர்களின் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வெளியேயும் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "பிப்ரவரி மாதத்து மாலை வெயில் அம்பத்தூர்க் கடைத்தெருவின் மேல் தேனாக வழிந்து—"

வேண்டாம். அம்பத்தூரில் என்னென்னவோ வழிந்து பார்த்திருக்கிறேன், தேன் வழிந்து பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அவள் எளிய மனிதர்களின் முகங்களில் ஒளிந்திருக்கும் பேரழகைத் தேடி அலைபவள். அவளுடைய காமிரா—"

இதை என் கணவர் இக்னேஷியஸ் படித்துவிட்டு, "யாரு குமாரி இந்த அம்மா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் இப்படிச் சிரித்து நான் பார்த்தது மூன்று தடவைதான். அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "கன்னியம்மாளுக்கு அடையாள அட்டை வராமல் போனதற்கு நான்தான் காரணம்."

இது நிற்கட்டும்.

3

கன்னியம்மாளுக்கு வருவதற்கு முன்னால் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். (குணசேகரன் சிரித்தது இந்தப் பகுதியில்தான். விளக்கக் கடிதத்தில் இது எதற்கு என்று அவர் கேட்டது நியாயம். நீங்கள் கேட்காதீர்கள்.)

படம் எடுக்க நல்ல இடம் எது என்று பலர் கேட்கிறார்கள். மகாபலிபுரத்துக்குப் போகிறார்கள், மயிலாப்பூருக்குப் போகிறார்கள். நான் ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் போவேன். மனிதர்கள் எதற்காவது காத்திருக்கும் இடம்தான் நல்ல இடம். காத்திருக்கிறவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது கண்டக்டர் டீ குடிக்கிற அழகு பஸ் கிளம்பிய பிறகு வராது. பூந்தமல்லியில் ரோடு கடக்க நிற்கிறவர்கள், ஆவடியில் ரயில் வர லேட்டானால் மேம்பாலப் படியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள், எல்லோரும் எனக்குப் படம் கொடுத்திருக்கிறார்கள்.*

* ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போனால் பாதுகாப்புத் துறையின் உயர்ந்த மதிலும் எச்சரிக்கைப் பலகையும் கண்ட இடத்தில் காமிராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஒருமுறை ஒரு காவலர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எருமை மாட்டைத்தான் எடுத்தேன் என்று காட்டியும் அவர் எருமைக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழித்துவிட்டு வந்தேன். அவர் வேலை அது.

இரண்டாவது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஐந்தாவது தடவை போகும்போது டீக்கடைக்காரர் "இன்னாம்மா, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்பார். அன்றைக்குத்தான் அந்த இடம் உங்களுடையது.

அடித்துவிடலாமா? "உங்களுடையது" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள். ஒரு இடம் ஒருவருடையது என்று ஆவதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று இந்த ஜூன் மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

4

தெரியாத ஆளிடம் போய்ப் படம் எடுக்கவா என்று கேட்பது எப்படி?

எனக்கு ஒரு முறை உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்தது. கேட்காமல் எடுக்கமாட்டேன். கேட்பதற்கு முன்னால், எதிர்ப்பக்கம் நின்று, வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க ஒன்றே ஒன்று எடுப்பேன். அதை அன்றைக்கு மாலையே அழித்துவிடுவேன். சொல்லாமல் எடுத்ததை வைத்திருக்கக் கூடாது என்பது என் சட்டம். பிறகு நேராகப் போவேன். வணக்கம் சொல்வேன். பெயர் கேட்டு நோட்டில் எழுதுவேன். போன் நம்பர் வாங்குவேன், படத்தை வாட்ஸாப்பில் அனுப்புவதற்காக. அன்று மாலையே அனுப்பியும் விடுவேன். ஆறு வருஷத்தில் நான்கு நோட்டு நிரம்பியிருக்கிறது. எத்தனை பேர் முகம் கொடுத்தார்கள்! ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலே யோசிக்கிற ஊரில், முகத்தைக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

ஷிப்ட் முடிந்து நேரே போவதால் கழுத்தில் சென்டர் அடையாள அட்டை தொங்கும். கழற்றவேண்டும் என்று தோன்றியதே இல்லை. அட்டை இருந்தால் ஜனங்கள் பயப்படமாட்டார்கள் என்றுகூட நினைத்தேன். இன்னொரு பழக்கமும் உண்டு. காமிராவைக் கண்ணில் வைத்ததும் வாய் தானாக எக்ஸ்ரே ரூமுக்குப் போய்விடும். "நேரா நில்லுங்க. அசையாதீங்க. மூச்சப் புடிங்க." எடுத்ததும், "முடிஞ்சுது, அவ்ளோதான்."

படிக்கிற நீங்கள் புத்திசாலி. இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது.

5

பிப்ரவரி, ஒரு புதன்கிழமை, மாலை நாலரை மணி. அம்பத்தூரில் ஒரு கடைத்தெரு. மின்கம்பத்துக்கும் ஒரு காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கயிறு கட்டி நைட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார் ஓர் அம்மா. மேற்கிலிருந்து வெயில். ஒரு மஞ்சள் நைட்டி வழியாக வந்து அவர் முகம் முழுக்க மஞ்சள்.

எதிர்ப்பக்கத்தில் நின்று வெளிச்சம் பார்க்க ஒன்று எடுத்தேன். பிறகு ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"வணக்கம்க்கா. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"வாம்மா வா, ஒன்னத்தான் ஒரு வாரமா பாத்துகினு கீறேன்" என்றார்.

அது ஒரு பேச்சு என்று நினைத்தேன். என்ன ஒரு வரவேற்பு என்று பூரித்துப்போனேன். நைட்டி விற்கிறவர் நல்ல அரக்குப் புடவையில், தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு இருந்தார். என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

"பேரு?"

"கன்னியம்மா. க.கன்னியம்மாள்னு எய்துக்கோ."

"போன் நம்பர்?"

சொன்னார். நோட்டில் எழுதினேன். எழுதுவதை எட்டிப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். "ஆதாரு வேணாமா?" என்று இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி அந்த ஞானகுமாரியின் தலையில் ஒன்று போட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அவள் என்ன சொன்னாளோ அதைத்தான் எழுத வேண்டும்.

"அதெல்லாம் வேணாம்க்கா. உங்க முகமே போதும்."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். நேராக நின்றார், அசையவில்லை, மூச்சைப் பிடித்தார். எடுத்தேன். ஆறு வருஷத்தில் நான் எடுத்த ஆகச் சிறந்த படம் அது. "முடிஞ்சுதுக்கா, அவ்ளோதான்" என்றேன். மாலையில் அனுப்பினேன், பின்னணியில் இருந்ததையெல்லாம் வெட்டி, முகமும் மஞ்சளும் மட்டும். இரண்டு கை கூப்பின படம் பதிலாக வந்தது. நான் அதை இக்னேஷியஸிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

6

ஜூனில், அந்தப் படத்தை நல்ல தாளில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"தோ வந்துட்டாங்கடா சம்பந்தம்! யம்மா, இன்னா இவ்ளோ நாளு? கார்டு எடுத்தாந்தியா?"

"என்ன கார்டுக்கா?"

பக்கத்தில் பெல்ட்டும் பர்ஸும் விற்கிற சம்பந்தம் என்னையும் என் கழுத்து அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் விளங்கியது.

"மேடம், நீங்க சர்வேக்கு வந்தவங்க இல்ல?"

நடந்தது இதுதான். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்புக்கு ஆள் வருவார்கள், பெயர் எழுதுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பிறகு வியாபாரி அடையாள அட்டை வரும், இடத்தைவிட்டு நகராதீர்கள் என்று பிப்ரவரி முதல் வாரம் சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். கன்னியம்மாள் ஒரு வாரம் தினமும் நல்ல புடவை கட்டிக் காத்திருந்திருக்கிறார். நான் வந்தேன். கழுத்தில் அட்டை, கையில் நோட்டு. மார்ச்சில் நிஜக் கணக்கெடுப்பு ஆட்கள் வந்து இவரிடம் நின்றபோது, "எனுக்கு எடுத்துட்டாங்கப்பா, போன்லயே வந்துட்ச்சி" என்று என் மஞ்சள் படத்தைக் காட்டியிருக்கிறார். வேறு குழு எடுத்திருக்கிறது போலிருக்கிறது என்று அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சம்பந்தத்துக்கு அட்டை வந்துவிட்டது. அந்த வரிசையில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

இப்போது நடைபாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போடப்போகிறார்கள். முடிந்ததும் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் நம்பர் போட்டு இடம். பட்டியலில் இல்லாதவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

பிரிண்ட் என் பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

7

முதல் எழுத்தில் இந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "கன்னியம்மாள் என்னைப் பார்த்தார். அந்தக் கண்களில் கோபம் இல்லை. காலம் காலமாகப் பொறுத்துப் பழகிய—"

புளுகு! கோபம் இல்லாமல் என்ன? அப்படிப் பொறுத்துக்கொள்ளும் ஒரு கன்னியம்மாள் எனக்குத் தேவைப்பட்டாள், அதனால் எழுதினேன். நிஜ கன்னியம்மாள் சொன்னது இது:

"ஒனக்கு பொயுது போவலன்னா ஊட்ல குந்திகினு டீவி பாக்கறதுதானே? நா இன்னா பொம்மையா? பதினெட்டு வர்சமா இந்தக் கயித்த கட்டிகினு கீறேன். என்கிட்ட வாங்கறவளுக்கு என் பேரு கூட தெரியாது, கயித்த பாத்து வருவா. வேற எங்கியாச்சும் கட்னா எவ வருவா? சொல்லு. நீயே சொல்லேன்!"

நடுத்தெருவில் நின்று அழுதேன். அழுதது நல்ல காரியம் என்று சொல்லமாட்டேன். வியாபாரம் பார்க்கிற இடத்தில் ஒருத்தி நின்று அழுதால் வாடிக்கை வருமா? கன்னியம்மாளே அதைத்தான் சொன்னார். "அயுவறத வுடு. கஸ்டமரு வராங்க, ஓரமா குந்து."

ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். ஒரு அம்மாவுக்கு இரண்டு நைட்டி விற்றுவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து திட்டினார்.

8

மறுநாள் லீவு போட்டு இரண்டு பேருமாக மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். குணசேகரன் பொறுமையாகக் கேட்டார். விட்டுப்போனவர்கள் மனு கொடுக்கலாம், குழு கூடி முடிவு செய்யும், ஆனால் கணக்கெடுப்புக்கு முன்பிருந்தே அந்த இடத்தில் வியாபாரம் செய்ததற்குச் சாட்சி வேண்டும் என்றார். நான் பெருமையாக என் மஞ்சள் படத்தைக் கொடுத்தேன். தேதி இருக்கிறது, ஆள் இருக்கிறார்.

நெடுநேரம் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு மேடம். இதுல இடம் எங்க?"

இடத்தை நான்தான் வெட்டியிருந்தேன். வெட்டாத படத்திலும் முகத்துக்குக் கிட்டே போய் எடுத்திருந்தேன். அந்த முகம் எந்த ஊரிலும் எந்தத் துணிக்குப் பின்னாலும் இருக்கலாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த ஒன்று இருந்தது. சொல்லாமல் எடுத்தது, என் சட்டப்படி அன்றைக்கே அழித்திருக்க வேண்டியது. அழித்தேனா? ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் தேடினேன், இல்லை. அன்றைக்குப் பாதியில் மெமரி கார்டு நிரம்பி வேறு மாற்றியது நினைவுக்கு வந்தது. அந்தக் கார்டு எங்கே? இக்னேஷியஸ் ஒன்றும் கேட்காமல் மேஜை இழுப்பறையை உருவிக் கட்டிலில் கவிழ்த்தார். பேட்டரி, ஹேர்பின், அறுந்த ஜெபமாலை, எதற்கென்று தெரியாத சாவிகள். பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டு இருந்தது. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு காவல் சம்மனசு, அதாவது காவல் தேவதூதர், இருக்கும் போலிருக்கிறது. நன்றி சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் செருகினேன்.

அந்தப் படம் எதற்கும் உதவாத படம். பாதியை ஒரு பஸ்ஸின் பின்பக்கம் அடைத்திருக்கிறது. கன்னியம்மாள் வாயைப் பிளந்து யாரோ ஓர் அம்மாவோடு சண்டை போடுகிறார், ஒரு நைட்டியின் இரண்டு முனையும் இரண்டு பேர் கையில். பின்னால் கடைப் பலகை, சம்பந்தத்தின் பெல்ட்டுகள், மின்கம்பத்தில் பெயிண்டில் எழுதிய எண்.

மறுநாள் அதைப் போனில் கொண்டுபோய்க் காட்டினோம். குணசேகரன் பெரிதாக்கிப் பார்த்து, "போஸ்ட் நம்பரே தெரியுது மேடம்!" என்றார்.

கன்னியம்மாள் போனை வாங்கிப் பார்த்தார். "ஆங், இதான் நானு" என்றார். "அந்த மஞ்சளு யாரோ சாமியாரம்மா மாறி கீது."

நான் கேட்டுக் கேட்டு எடுத்த படம் அவரைப் பட்டியலிலிருந்து தள்ளியது. கேட்காமல் எடுத்தது கைகொடுத்தது. இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்காதீர்கள். இனிமேலும் நான் கேட்டுத்தான் எடுப்பேன், அட்டையை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு.

9

படம் மட்டும் போதாது, என் விளக்கக் கடிதமும் அக்கம்பக்கத்து வியாபாரிகள் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். இதில் ஒரு சிக்கல். வரிசையின் நீளம் அளந்து முடிந்துவிட்டது. இன்னொருவர் சேர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் இடம் குறையும். பதினொரு பேர். எல்லோரும் வயிற்றுப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவர்கள். நான் காகிதத்தை நீட்டினேன். இத்தனை வருஷத்தில் தெரியாதவர்களிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறேன், இவ்வளவு பெரியதைக் கேட்டதில்லை.

சம்பந்தம்தான் முதலில் வாங்கினார். "அர அடி போனா போவுது மேடம், பெல்ட்ட நெருக்கி மாட்டிக்கறேன். யக்கா நைட்டி நெழலுலதான் நான் இத்தினி வருசமா ஒக்காந்துகினு கீறேன். அது போய்ட்டா நான் வெயில்ல காய்வனா?" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு அவரே காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போனார். பூக்காரத் தாயம்மாள் கைநாட்டு வைத்துவிட்டு, மை விரலை என் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஒருவர் மட்டும் நாளைக்கு என்றார். நாளைக்கும் நாளைக்கு என்றார். அவரையும் நான் குறைசொல்லமாட்டேன், மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டுப் போட்டார்.

இந்தப் பதினொரு பேருக்கும், பொறுமையாகப் படித்த குணசேகரனுக்கும், திட்டிவிட்டு ஸ்டூல் போட்ட கன்னியம்மாளுக்கும் நான் என்ன செய்துவிட முடியும்? நன்றி என்று எழுதுகிறேன். நன்றி. என் நான்கு நோட்டுகளில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். வேண்டாம்மா போ என்று கையை ஆட்டினவர்களுக்கும்தான்.

10

இனி முடிவு.

முதல் முடிவு: குழு கூடியது. கன்னியம்மாளின் பெயரைச் சேர்த்தார்கள். அட்டையில் அந்தச் சண்டைக்காரப் படத்தையே—

இரண்டாம் முடிவு: குழு கூடியது. காலம் கடந்துவிட்டது என்றார்கள். மாதக் கடைசியில் கயிற்றை அவிழ்க்கும்போது நானும் ஒரு முனையைப் பிடித்து—

இரண்டையும் எழுதி முடித்தேன். இரண்டுமே நன்றாக வந்திருந்தன, அதுதான் பயமாக இருந்தது. குழு இன்னும் கூடவில்லை. வரும் வியாழன் என்கிறார்கள். எந்த முடிவைப் போடுவது என்று கன்னியம்மாளையே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். எழுதினதை முழுக்க வாசித்துக் காட்டினேன். தன் திட்டு வந்த இடத்தில், "இன்னும் நல்லா வஞ்சிருப்பேன், நீ அயுதுட்டியா" என்றார்.

"அக்கா, கார்டு வந்துடுச்சுன்னு முடிக்கட்டுமா? படிக்கறவங்களுக்கு சந்தோஷமா இருக்கும்."

"ஐயோ, வேணாம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுத்தேன். "ஆய்ப்போச்சின்னு நெனச்சிகினு நாலு மாசம் சும்மா குந்திகினு இருந்தேனே, பத்தாதா? நீ பாட்டுக்கு வந்துட்ச்சின்னு எய்திட்டா, படிக்கறவங்க அப்பாடான்னு பொஸ்தகத்த மூடிட்டு பூடுவாங்க. அப்பறம் எனுக்காக எவன் கேப்பான்?"

"அப்ப வரலைன்னு எழுதட்டுமா?"

"அது மட்டும் இன்னாத்துக்கு? பாவம்னு உச்சு கொட்டிட்டு அதுக்கும் மூடிட்டுதான் போவாங்க." கொஞ்சம் யோசித்தார். "நா எங்க கீறேன்னு எய்து."

எழுதுகிறேன். ஸ்டேஷனை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்குள் வந்தால் இடது கைப் பக்கம். பூக்கடை, பிறகு பெல்ட் கடை, அதற்கு அடுத்த மின்கம்பம். நைட்டி தேவையில்லை என்றாலும் நின்று, அட்டை வந்ததா அக்கா என்று கேளுங்கள். கயிறு மட்டும் இருந்து ஆள் இல்லையென்றால் டீக்குப் போயிருப்பார், கொஞ்சம் பொறுங்கள். கயிறே இல்லையென்றால் பக்கத்துக் கடைகளில் கேளுங்கள், இங்கே இருந்த அம்மா எங்கே என்று. எத்தனை பேர் கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது.